சின்ன மலைநகரத்துக்கு ஐந்து வருடத் திட்டம்: திரையும் கமராவும் வாங்கமுன் எதில் கை வைப்பது?

மேல்வீதி கேட்டது:

ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளை அளவிலான ஒரு டவுனை எடுத்துக்கொள்வோம். நடுவே ஒரே பிரதான வீதி, அதன் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பஸ் தரிப்பிடமும் சந்தையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்று பக்கமும் தோட்டக் காணி, எனவே ஊர் பரவ இடமில்லை. பதிவிலுள்ள சனத்தொகை கொஞ்சம், சம்பள வாரத்தில் இறங்கும் கூட்டம் அதைப்போல் பல மடங்கு.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதம் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது எல்லாச் சபைகளிலும் "ஸ்மார்ட் நகரம்" என்று ஏதோ ஒரு முன்மொழிவு சுற்றுகிறது. கமரா, எல்.இ.டி. திரை, கைத்தொலைபேசிச் செயலி, பஸ் தரிப்பிடத்தில் இலவச வைஃபை. எதுவும் கெட்டதல்ல. ஆனால் மழை பெய்தால் பிரதான வீதியில் தண்ணீர் ஓடுகிறது, குப்பை கொட்ட இடமில்லை, வாகனம் நிறுத்த இடமில்லை.

காசு குறைவு என்பதை ஏற்றுக்கொண்டு, ஒரு நகரசபை ஐந்து வருடத்துக்குத் திட்டம் போட்டால் முதலில் எது, அடுத்து எது? கொள்கைப் பேச்சு வேண்டாம். அளவு, கணக்கு, எங்கே பிழைக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சோலைவரி_கணக்கர் பதில்:

முதலில் ஆதனப் பதிவேடு, அதாவது ஊரிலுள்ள வீடு, கடை, கட்டடங்களின் பட்டியல். அது சரியில்லாமல் எழுதப்படும் எந்தத் திட்டமும் அடுத்தவர் தரப்போகும் மானியத்தை நம்பிய திட்டம்தான்.

சபையின் சொந்த வருமானம் என்று சொல்லக்கூடியவை சில மட்டுமே. சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வருட வரி), கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை, வாகனத் தரிப்பிடக் கட்டணம். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாகச் சுற்றி வருவதால் எப்போது கைக்கு வரும் என்று நம்பி வேலை தொடங்க முடியாது.

சோலைவரியில் எல்லோரும் நிலுவையைப் பற்றித்தான் பேசுவார்கள். நிலுவையைவிடப் பெரிய ஓட்டை, பதிவேட்டில் இல்லாத கட்டடம். ஒரு தட்டுக் கடை என்று பதிவு, நேரில் போனால் மேலே இரண்டு தட்டு, மூன்றாவதில் தங்குமிடம். பதிவிலுள்ள உரிமையாளர் இறந்து பல காலம், பிள்ளைகள் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், பற்றுச்சீட்டு இன்னும் தாத்தா பெயரில்.

செய்யும் முறை இதுதான். செய்மதிப் படத்தை எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கூரையையும் வரைந்து இலக்கமிடுங்கள். அதைப் பழைய சோலைவரிப் பட்டியலோடும் அனுமதிப்பத்திரப் பட்டியலோடும் ஒப்பிட்டால், எந்தப் பட்டியலிலும் சேராத கூரைகள் தனியே தெரியும். பிறகு இரண்டு பேர் கொண்ட குழு வீதி வீதியாகப் போய் தட்டு எத்தனை, என்ன பாவனை, தண்ணீர் இணைப்பு உண்டா என்று குறித்து ஒரு படமும் எடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு நாளைக்கு 40 ஆதனம் என்று வைத்தால், 4,000 ஆதனங்களுக்கு 100 குழு நாள். இரண்டு குழு போட்டால் 50 வேலை நாள். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள், பாதி நாள் வீணாகும்.

இங்கேதான் பல சபைகள் வழுக்கும். கணக்கெடுப்பு முடிந்ததும் வரியைத் தாமே கூட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. வருடாந்தப் பெறுமதியை மதிப்பிடுவது விலைமதிப்புத் திணைக்களம். அதில் எத்தனை சதவீதம் வரி என்று தீர்மானிப்பதுதான் சபையின் வேலை. எனவே கணக்கெடுப்பைத் தொடங்கும் அதே மாதத்திலேயே மீள்மதிப்பீட்டுக்கான கோரிக்கையையும் அனுப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரவு தயாராகி மேசையில் பழசாகும்.

கழிவை மக்களுக்குச் சொல்லுங்கள். வருட வரியை ஜனவரி 31க்கு முன் முழுதாகக் கட்டினால் 10%, காலாண்டுக்குக் காலாண்டு முதல் மாதத்துக்குள் கட்டினால் 5%. ஜனவரி நடுவில்தான் பற்றுச்சீட்டை அனுப்பத் தொடங்கும் சபைக்கு இந்தக் கழிவால் பயனில்லை. நவம்பரிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

அடுத்தது சபையின் சொந்தக் கடைகள். பழைய வாடகைக்கு எடுத்தவர் கடையில் இல்லை, பல மடங்கு வாடகைக்கு இன்னொருவருக்கு விட்டிருப்பார். அந்த வித்தியாசம் முழுக்கச் சபைக்கு வரவேண்டிய காசு. இதைத் தொட எந்தத் தவிசாளருக்கும் விருப்பம் வராது, ஏனென்றால் கடைக்காரர்தான் தேர்தலில் வேலை செய்தவர். வாடகையை ஒரே நாளில் உயர்த்தாமல், உடன்படிக்கை புதுப்பிக்கும்போது மூன்று படியாக உயர்த்தலாம். உள்ளே இருந்து தொழில் செய்கிறவருக்கே நேரடி உடன்படிக்கை கொடுத்தால் எதிர்ப்புப் பாதியாகும்.

இப்படி இரண்டு வருடம் வருமானம் ஒழுங்காக வந்ததைக் கணக்கில் காட்டினால்தான் உள்ளூர்க் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியத்தில் கடன் கேட்கும்போது பதில் சொல்ல வாய் இருக்கும்.

---

கான்வெட்டு பதில்:

கணக்கர் சொன்னது சரி. ஆனால் வரிசையில் நான் உடன்படவில்லை. காசு சேரும்வரை மழை காத்திருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை எல்லோரும் பார்த்தோம். மலைநகரத்தில் முதல் வரைபடம் தண்ணீர் போகும் வழியின் வரைபடம்.

முதலில் கணக்கு. ஒரு ஹெக்டேயர் தேயிலைக் காணியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால், மேலே ஓடி வரும் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 0.08 கனமீற்றர் (வழிந்தோடும் பங்கு 0.3 என்று வைத்தால்). அதே காணியில் கூரையும் தாரும் கொங்கிறீட்டும் வந்துவிட்டால் பங்கு 0.9, தண்ணீர் 0.25 கனமீற்றர். மூன்று மடங்கு. மேலே ஒரு ஹெக்டேயருக்குக் கட்டட அனுமதி கொடுக்கும்போது கீழே உள்ள கானை (வடிகாலை) யாரும் அளப்பதில்லை.

இப்போது கானைப் பாருங்கள். 450 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம், கொங்கிறீட்டுக் கான். 5% சரிவில் அது விநாடிக்கு 0.85 கனமீற்றர் கொண்டுபோகும். தாராளம். அதே கான் பிரதான வீதியின் சமதரைப் பகுதிக்கு வந்து 0.5% சரிவாகும்போது கொள்ளளவு 0.27. அதாவது ஒரு ஹெக்டேயர் கூரைக்கே சரியாகப் போகும், மேலே எத்தனை ஹெக்டேயர் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகம் குறையும் இடத்தில்தான் மண்ணும் படியும், சொப்பிங் பையும் தங்கும். எனவே "கான் முழுக்கப் புனரமைப்பு" என்று நீளக் கணக்கில் மதிப்பீடு போடுவது காசை மலையில் கொட்டுவது. சரிவான பகுதி பெரும்பாலும் போதும். சமதரைப் பகுதியையும் மதகையும் மட்டும் பெரிதாக்குங்கள். சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில் 1 மீற்றர் ஆழமான மண் பொறிக்குழி ஒன்று, அதற்கு முன் சாய்ந்த கம்பி வலை. மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை அள்ள ஆள் நியமியுங்கள். ஆள் இல்லாத பொறிக்குழி ஒரு மாதத்தில் நுளம்புக் குழி.

மூடிப் பலகை 3 மீற்றருக்கு ஒன்றாவது இரண்டு பேர் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் வாசலுக்கு டைல் பதிக்கும்போது மூடியையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். அதன்பிறகு அந்த 20 அடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் குழாய் எல்லாம் கானுக்குக் குறுக்கே போகும் இடங்களை எண்ணுங்கள். வெள்ளம் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தக் குழாயில் சிக்கிய ஒரு வாழைத்தண்டு.

மண்சரிவுக்கு வருவோம். எல்லோரும் மழையை மட்டும் பார்க்கிறார்கள். அரை ஏக்கர் சரிவில், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீற்றரில், 20 வீடு. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 120 லீற்றர். நாளைக்கு 12,000 லீற்றர். குளியல், சமையல், மலசலகூடத் தண்ணீர் எல்லாம் உறிஞ்சுகுழி வழியாக அதே சரிவுக்குள். அந்தப் பரப்பில் பரப்பினால் நாளைக்கு 6 மி.மீ., வருடத்துக்கு 2,190 மி.மீ. நுவரெலியாவில் ஒரு வருடம் பெய்யும் மழை அளவுக்கு இன்னொரு மழை, வெயில் காலத்திலும் நிற்காமல். பிறகு ஒரு பெருமழை வந்தால் அந்தச் சரிவு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. எனவே செங்குத்துப் பகுதிகளில் கழிவுநீரை மூடிய குழாயில் கீழே இறக்குவது அழகுபடுத்தல் வேலை அல்ல, மண்சரிவுத் தடுப்பு வேலை. சபை முதலில் காசு போடவேண்டிய இடங்களில் அது ஒன்று.

தடுப்புச் சுவர் பற்றிச் சுருக்கமாக. 3 மீற்றர் உயரக் கருங்கல் சுவருக்கு அடி அகலம் 1.5 முதல் 1.8 மீற்றர் வேண்டும். 75 மி.மீ. குழாய்த் துளை 1.5 மீற்றருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்து. சுவருக்குப் பின்னால் 300 மி.மீ. சல்லிக்கல், அதற்கும் மண்ணுக்கும் இடையில் வடிதுணி. துளை மட்டும் வைத்துப் பின்னால் வெட்டிய களிமண்ணையே நிரப்பிய சுவர்கள் நிறைய. முதல் இரண்டு மழைக்காலம் நிற்கும். துளை அடைபட்டதும் சுவர் தாங்குவது மண்ணை மட்டுமல்ல, தண்ணீரையும். மேலே வெட்டுக்கான் (சரிவில் வரும் தண்ணீரைச் சுவருக்கு வரமுன் திருப்பிவிடும் கான்) இல்லாமல் கட்டிய சுவரும் அப்படியே.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம் மாவட்டத்துக்கு இருக்கிறது. சபையின் திட்டமிடல் குழு கூடும் மேசையில் அது விரித்திருக்க வேண்டும். அபாயப் பகுதியில் கட்ட அந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் எழுதிய நிபந்தனை (கான், சரிவு வெட்டும் கோணம், தட்டு எண்ணிக்கை) கட்டி முடிந்தபின் நிறைவேறியதா என்று பார்ப்பதுதான் நடப்பதில்லை. இணக்கச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துப் பாருங்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

---

மேல்வீதி:

மிக்க நன்றி இருவருக்கும். வாகன நெரிசலைப் பற்றி யாராவது? சபையில் எல்லோரும் "பல மாடி வாகனத் தரிப்பிடம்" என்கிறார்கள்.

---

நாலாம்_வளைவு பதில்:

பல மாடிக் கட்டடம் கடைசி. முதலில் இருக்கும் ஓரத்தை எண்ணுங்கள்.

பிரதான வீதியில் 240 மீற்றர் ஓரம் என்று வையுங்கள். வாகனத்துக்கு 6 மீற்றர் என்றால் 40 இடம். வாசல், மதகு, பாதசாரிக் கடவை போக 30. காலை 8 முதல் மாலை 5 வரை 9 மணித்தியாலம், மொத்தம் 270 இட மணித்தியாலம். சராசரியாக ஒரு வாகனம் 3 மணித்தியாலம் நின்றால் 90 வாகனத்துக்கு இடம். 45 நிமிடம் நின்றால் 360. ஒரு கொங்கிறீட்டுத் தூணும் எழுப்பாமல் நான்கு மடங்கு.

3 மணித்தியாலம் நிற்பவை யாருடையவை? அரைமணிக்கு ஒரு தடவை இலக்கத்தகட்டின் கடைசி நான்கு எண்ணைக் குறித்துக்கொண்டு நடந்தால் ஒரே நாளில் தெரியும். மலைநகரங்களில் பெரும்பாலும் கடைக்காரர்களுடையதும் கடைச் சிப்பந்திகளுடையதும் அலுவலகக்காரர்களுடையதும்தான். இவர்கள்தான் "வாடிக்கையாளர் வர இடமில்லை" என்று முறைப்பாடும் கொடுப்பவர்கள். இவர்களுக்கு டவுனுக்கு வெளியே 300, 400 மீற்றரில் ஒரு திறந்த இடத்தை மாதக் கட்டணத்துக்குக் கொடுங்கள். வீதி ஓரத்துக்கு முதல் அரைமணி குறைந்த கட்டணம், பிறகு ஏறிக்கொண்டே போகும் கட்டணம். ஒரே தொகை வாங்கிவிட்டு நாள் முழுக்க நிற்க விடும் பற்றுச்சீட்டு முறைதான் நெரிசலை வளர்க்கிறது. கட்டணம் அறவிடுவதை மொத்தக் குத்தகைக்குக் கொடுத்தால் குத்தகைக்காரருக்கு வேண்டியது காசு மட்டுமே, இடம் காலியாவது அல்ல. குறைந்தது மீறல் அறிக்கையையாவது சபைக்குத் தரவேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள்.

எண்ணும் நாளையும் சரியாகத் தெரிவு செய்யுங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை எண்ணிவிட்டு அறிக்கை எழுதுவது வழக்கம். தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி, அட்வான்ஸ் 25ஐ ஒட்டி. அதற்கு அடுத்த ஞாயிறுதான் டவுன் உண்மையில் எத்தனை பேரைத் தாங்குகிறது என்று காட்டும். ஹட்டன் வழியில் இருப்பவர்கள் சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை, ஒரு வார இறுதியையும் சேர்க்க வேண்டும். நுவரெலியாவுக்கு ஏப்ரல்.

அடுத்த சிக்கல் அதிகாரம். ஊருக்கு நடுவே போகும் பிரதான வீதி ஏ தரம் என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பஸ் வழி அனுமதி மாகாணத்துடையது. கோடு போடுவது ஒருவர், தண்டம் விதிப்பது பொலிஸ். சபை தனியே ஒருவழிப் பாதை அறிவித்தால் இரண்டு வாரத்தில் கலையும். எனவே மாதம் ஒரு கூட்டம், நால்வரும் ஒரே மேசையில், கையில் எண்ணிய கணக்கு. கணக்கு இருக்கும் சபைதான் அந்த மேசையில் பேசும்.

பெரிய செலவில்லாத இன்னொன்று படிக்கட்டு. மலைநகரத்தில் மேல் வீதியும் கீழ் வீதியும் கைக்கெட்டும் தூரம், ஆனால் ரோட்டால் சுற்றினால் அரை மைல். படி 150 மி.மீ. உயரம், 300 மி.மீ. அகலம், 12 படிக்கு ஒரு தட்டு, இரண்டு பக்கமும் கைபிடி, ஓரத்தில் தனிக் கான். கான் இல்லாத படிக்கட்டு மழையில் நீர்வீழ்ச்சி, பாசி பிடித்தபின் யாரும் ஏற மாட்டார்கள். பாடசாலை, ஆஸ்பத்திரி, பஸ் தரிப்பிடம் மூன்றையும் இணைக்கும் படிகளை முதலில் செய்யுங்கள். ஓட்டோ ஓட்டங்களில் ஒரு பங்கு இந்தப் படிகள் இல்லாததால்தான் நடக்கிறது. (ஓட்டோ அண்ணன்மார் கோபிக்கக்கூடாது.)

---

பணியக்கணக்கு பதில்:

எல்லாம் நல்ல கணக்கு. ஒரு கேள்வி. இந்த ஐந்து வருடத் திட்டத்தில் "நகரவாசி" என்பது யார்?

சந்தையில் வாங்குபவர், வங்கியில் நிற்பவர், ஆஸ்பத்திரிக்கு வருபவர், பெரும்பாலும் தோட்டத்தின் மேக்கணக்கிலும் பணியக்கணக்கிலும் (மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும்) இருந்து இறங்கி வருபவர். சபை எல்லைக்குள் அவர் பெயர் இல்லை, சோலைவரியும் இல்லை, ஏனென்றால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) காணி உறுதி இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டக் குடியிருப்புக்குச் செலவு செய்யத் தடையாயிருந்த 33ஆம் பிரிவு 2018இல் தான் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று சபைகள் பிரிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். நகரசபையும் பக்கத்துப் பிரதேச சபையும் தனித்தனியே திட்டம் எழுதினால் ஒரே கான் இரண்டு திட்டத்திலும் வராது. எல்லையில் முடியும் கான் தண்ணீரை எல்லையில் நிறுத்தாது.

ஆகவே குறைந்தது தண்ணீர், குப்பை, பஸ் மூன்றுக்கும் இரண்டு சபையும் கூட்டு உடன்படிக்கை செய்ய வேண்டும்.

காணி விடயத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள். டவுனைச் சுற்றியுள்ள காணி மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமோ, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ, கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகையிலோ இருக்கிறது. சபைத் தீர்மானம் ஒன்றால் ஒரு பேர்ச் கூடக் கிடைக்காது. அமைச்சு, கம்பனி, காணிச் சீர்திருத்த ஆணைக்குழு என்று கோப்பு நகரும். எனவே கோரிக்கையைச் சிறிதாக, சரியான அளவுப் படத்தோடு, மண்சரிவு அறிக்கையோடு கொடுங்கள். "நகர விரிவாக்கத்துக்கு 50 ஏக்கர்" என்றால் கோப்பு தூங்கும். "கீழ்ப்பிரிவில் இந்த 3 ஏக்கர், தேயிலை விளைச்சல் குறைந்த பழைய துண்டு, பஸ் வீதிக்கு 400 மீற்றர்" என்றால் யாராவது ஒருவர் பதில் எழுதவேண்டி வரும்.

தோட்ட மக்களுக்கான தனி வீடுகள் மலை உச்சியில் ரோடு இல்லாத இடத்தில் கொடுக்கப்படுவதும் நகரத் திட்டத்தின் பிரச்சினைதான். தண்ணீரை ஏற்றப் பம்பி, குப்பை எடுக்க லொறி, பிள்ளைக்கு வேன் எல்லாம் பிறகு செலவாக வரும். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை உருவானது. இடத்தெரிவு நடக்கும் கட்டத்திலேயே உள்ளூராட்சி சபை அதனோடு உட்கார வேண்டும். வீடு எழுந்தபின் போய்க் கான் கேட்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவை நினைவில் வையுங்கள். "அங்கே இருக்காதீர்கள்" என்று சொல்வது பாதி வேலை. போய்க் குடியேறப் பாதுகாப்பான காணியைத் தயாராக வைத்திருப்பதுதான் மற்றப் பாதி.

கடைசியாக, சந்தை நாளில் பெண்களுக்கு மலசலகூடம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இறங்கியவர் பின்நேரம் வரை எங்கே போவார்? வெளிச்சம், தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள், துப்புரவுக்கு முழுநேர ஆள். இது இல்லாத டவுனில் சனம் சாமானை வாங்கி உடனே பஸ் ஏறிவிடும். வியாபாரம் கூட வேண்டும் என்கிற கடைக்காரர் சங்கம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

---

மேல்வீதி:

33ஆம் பிரிவு விபரத்துக்கு நன்றி. குப்பை மிச்சம். "கொம்போஸ்ட் போடலாம், உரம் விற்கலாம்" என்பதே பதிலாக வருகிறது.

---

உக்கும்_உக்காதது பதில்:

விற்கலாம், ஆனால் இடக் கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நாளைக்கு 6 தொன் குப்பை, அதில் 60% உக்கும் குப்பை என்றால் 3.6 தொன். உக்க 12 வாரம். எனவே எந்த நாளிலும் தரையில் 84 நாட் குப்பை கிடக்கும், 302 தொன். அடர்த்தி கனமீற்றருக்கு அரைத் தொன் என்றால் 605 கனமீற்றர். உக்கும்போது சுருங்குவதைக் கழித்தால் 450 அளவில். 3 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரக் குவியலாகப் போட்டால் 200 மீற்றர் நீளம். புரட்ட வழியோடு 5 மீற்றர் அகலம் வேண்டும். ஆக 1,000 சதுர மீற்றர், கால் ஏக்கர், 40 பேர்ச். அதுவும் சமதரையாக, கூரையோடு. தரம்பிரிக்கும் இடமும் லொறி திரும்பும் இடமும் தனி. கூரை இல்லாமல் மலையகத்தில் செய்ய முடியாது. மழை பட்டால் ஈரப்பதம் 60% தாண்டும், காற்று போகாது, நாறும், கறுப்புத் தண்ணீர் ஓடும். நம் டவுன்களில் அந்தத் தண்ணீர் போய்ச்சேரும் ஓடை களனிக்கோ மகாவலிக்கோ தலை. கீழே குடிப்பவர்கள் எத்தனை லட்சம் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே எல்லாக் குப்பையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். சந்தை மரக்கறிக் கழிவும் ஹோட்டல் கழிவும் தனி ஓட்டத்தில் வரட்டும். அவைதான் சுத்தமானவை, அளவும் பெரியது. முதல் வருடம் அதை மட்டும் உக்க வையுங்கள். தோட்டம் உள்ள வீடுகளுக்குக் கொம்போஸ்ட் தாங்கி. மிச்ச வீடுகளைப் பிறகு பார்க்கலாம்.

மரக்கறிக் கழிவு அதிக ஈரம், நைதரசன் கூட. அதோடு மரத்தூள், காய்ந்த இலை, கத்தரித்த தேயிலைக் குச்சியை நறுக்கிச் சேர்க்க வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி மட்டும் விழவேண்டும். ஒழுகினால் ஈரம் கூட, துளியே இல்லையென்றால் காய்ந்துவிட்டது. குவியலின் நடுவே 55 முதல் 65 பாகை வரவேண்டும். மூன்று நாளில் ஏறாவிட்டால் குவியல் சிறிது அல்லது ஈரம் கூடிவிட்டது. குளிர் இரவுகளில் ஒரு கனமீற்றருக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. வாரம் ஒரு தடவை புரட்டல்.

உரம் விற்காமல் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கண்ணாடித் துண்டு. ஒரு மரக்கறித் தோட்டக்காரரின் கையில் ஒரு தடவை குத்தினால் அந்தப் பள்ளத்தாக்கே வாங்காது. இறுதிச் சலிப்பு 10 மி.மீ. வலையில், அதற்கு முதல் கண்ணாடியை வாசலிலேயே பிரித்து எடுக்கும் முறை. பிரித்துத் தராத வீட்டின் பையை லொறி எடுக்கக்கூடாது. இரண்டு வாரம் சத்தம் வரும். உறுப்பினர் ஒருவர் தொலைபேசி எடுத்து "இன்றைக்கு மட்டும் எடு" என்று சொன்னால் அன்றோடு திட்டம் முடிந்தது.

தொடங்கமுன் ஏழு நாள் எடை போடுங்கள், வெயில் காலத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. ட்ரக்டர் எண்ணிக்கையைத் தொன்னாக எழுதும் சபைகள், மழையில் நனைந்த குப்பையைப் பார்த்துக் குப்பை கூடிவிட்டது என்று நினைக்கின்றன.

---

சோலைவரி_கணக்கர்:

செயலி பற்றி யாரும் சொல்லவில்லை. முறைப்பாட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கமும் ஒரு விரிதாளும் போதும். திகதி, இடம், வகை (விளக்கு, கான், தண்ணீர், குப்பை), யாரிடம் கொடுத்தது, எப்போது முடிந்தது. ஆறு மாதத்தில் அந்தத் தாளே எந்தக் கானில் அடிக்கடி அடைப்பு என்று சொல்லும். அதன்பிறகு செயலி வேண்டுமென்றால் செய்யலாம். செயலியை முதலில் வாங்கினால் முறைப்பாடு வந்து குவியும், பதில் சொல்ல ஆளிருக்காது.

வீதி விளக்கை மட்டும் உடனே மாற்றுங்கள். பழைய 70 வாற்று சோடியம் விளக்கு துணைக்கருவியோடு 83 வாற்று எடுக்கும், எல்.இ.டி. 30. வித்தியாசம் 53 வாற்று, இரவுக்கு 12 மணித்தியாலம், வருடத்துக்கு விளக்கொன்றில் 232 யூனிட். 1,000 விளக்குக்கு 2.3 லட்சம் யூனிட். ஆனால் மின்னல் காப்பு உள்ளதாக வாங்குங்கள். மலிவு விலைக்கு எடுத்தால் ஏப்ரல் இடிமழையில் பாதி போய்விடும், கேள்விப்பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லாததால் உத்தரவாதமும் கேட்க முடியாது.

மேல்வீதி, உங்கள் சபையின் கடை வாடகைப் பட்டியலோ குப்பை எடைக் கணக்கோ வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். சபையில் தகவல் உத்தியோகத்தர் இருப்பார், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எல்லாக் கணக்கும்" என்று கேட்காமல் ஒரு ஆண்டு, ஒரு பட்டியல் என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழியில்லை.

---

மேல்வீதி:

கான்வெட்டு அண்ணா, மழைமானி வைப்பதென்றால் சபையே வைக்கலாமா, என்ன அளவில் எச்சரிக்கை?

---

கான்வெட்டு:

வைக்கலாம். கையால் வாசிக்கும் சாதாரண மழைமானி போதும், விலை பெரிதல்ல. டவுனுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும்போது அடுத்ததில் தூறலாக இருக்கும். ஒவ்வொரு கானின் தலைப்பகுதிக்கும் ஒன்று, பாடசாலை அல்லது தோட்டக் காரியாலய முற்றத்தில்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம். சாதாரண நாளில் காலை 8.30க்கு ஒரு வாசிப்பு. 75 தொட்டதும் மணிக்கொரு தடவை. யார் யாரை அழைப்பது, எந்தப் பாடசாலை திறக்கும், திறப்பு யாரிடம் என்பது பெயரோடும் இலக்கத்தோடும் ஒரே தாளில் எழுதி, மானி இருக்கும் இடத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்க வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மானியைக் கூரைக்கும் மரத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பக்கத்திலுள்ள மரம் 5 மீற்றர் உயரமென்றால் மானி குறைந்தது 10 மீற்றர் தள்ளி. சவுக்கு மரத்தடியில் வைத்தால் காற்று ஒரு நாள் குறைத்துக் காட்டும், இலைச்சொட்டு இன்னொரு நாள் கூட்டிக் காட்டும். ஆட்டுக்கும் கிரிக்கெட் பந்துக்கும் ஒரு கம்பிவேலி போடுங்கள்.